சார்ஜர் செய்யத் தெரியாத எஞ்சினியர்கள் நாங்கள்

போன மார்கழியில் ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்றுக்குப் போனேன். அம்மாவின் ஊர்ச் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் அங்கே வாடகைக்கு இருக்கிறான். பகலில் கொலிஜ், பின்னேரத்தில் ஈ-பைக்கில் சாப்பாட்டு டெலிவரி. அம்மா தந்துவிட்ட சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டு வருவதுதான் என் வேலை. பக்கத்துக் கதவைத் திறந்து படியிறங்கினால், கடைசிப் படிக்குக் கீழே, ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவில் அவனுடைய பைக் பற்றரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. அந்த பேஸ்மென்றிலிருந்து வெளியே போக இருக்கிற ஒரே வழி அந்தப் படிதான்.

பற்றரியின் லேபிளில் 36 வோல்ற் என்று இருந்தது. பழக்கதோஷத்தில் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 54.6 வோல்ற்.

"தம்பி, இந்த சார்ஜர் எங்கால எடுத்தனீர்?"

"பழசு பழுதாப் போச்சு அண்ணா. ஒராள் இருபது டொலருக்குத் தந்தவர். பின் சரியாப் பொருந்துது."

"ஒழுங்கா வேலை செய்யுதோ?"

"ஓம் அண்ணா. இடைக்கிடை தானா நிண்டுடும். கழட்டித் திருப்பிக் கொளுவினா ஏறும்."

நான் வயரைச் சுவரிலிருந்து இழுத்தேன். அவன் ஏதோ நான் கோபப்படுகிறேன் என்று பயந்துவிட்டான். கோபம் அவனில் இல்லை.

கணக்கு சின்னது. 36 வோல்ற் பற்றரி என்றால் உள்ளே 10 செல்கள் தொடராக இருக்கின்றன. ஒரு லிதியம்-அயன் செல் நிறைந்தால் 4.2 வோல்ற். பத்துக்கு 42. 48 வோல்ற் பற்றரியில் 13 செல்கள். 13 ஐ 4.2 ஆல் பெருக்குங்கள், 54.6 வரும். அவன் 13 செல்லுக்குச் செய்த சார்ஜரை 10 செல்லுக்குக் கொளுவியிருக்கிறான். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு செல்லுக்கு 5.46 வோல்ற். தடுத்துக்கொண்டிருந்தது பற்றரிக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன பாதுகாப்புச் சர்க்கியூற். 'தானா நிண்டுடும்' என்றானே, அது அந்தச் சர்க்கியூற் 'போதும், நிறுத்து' என்று கத்தியது. இவன் ஒவ்வொரு இரவும் கழட்டித் திருப்பிக் கொளுவி, 'பரவாயில்லை, இன்னொருக்கா பார்' என்று அதைக் கட்டாயப்படுத்தியிருக்கிறான். மேல் மாடியில் ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

இந்தப் பெடியன் ஊரில் ஏ.எல். கணிதப் பிரிவு படித்தவன். கேச்சோவின் விதி கேட்டால் நித்திரையிலும் சொல்லுவான். பௌதிகப் பரீட்சையில் பத்துச் செல்கள் தொடராக வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் விடை எழுதியிருப்பான். தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பத்துச் செல்களை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்து நீங்கள் சிரிக்க முதல் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் எலெக்ரிக்கல் எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்தவன். பற்றரி சார்ஜிங்கை மற்லாப்பில் சிமியுலேற் செய்து, வடிவான நிறங்களில் கிராஃப் போட்டு, நல்ல புள்ளியும் வாங்கியவன். உண்மையான ஒரு 18650 செல்லை, அதாவது 18 மில்லிமீற்றர் அகலமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள அந்தச் சின்ன உருளையை, முதன்முதலாகக் கையில் தொட்டபோது எனக்கு வயது 28. இப்போது ஐரி கன்சல்ரன்ற். வங்கிகளுக்கு பவர்பொயின்ற் செய்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது வந்தால் அப்பா இன்னமும் 'மகன் எஞ்சினியர்' என்றுதான் சொல்லுவார்.

என் சண்டை இந்த இடத்தில்தான். புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் எஞ்சினியர் என்ற பட்டத்துக்கு இருக்கிற மரியாதை, எஞ்சினியர் செய்கிற வேலைக்கு இல்லை. பிள்ளை எஞ்சினியரிங் படிக்கவேண்டும், ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தொடக்கூடாது. நான் வளர்ந்த வீட்டில் மிகவும் அடிக்கடி கேட்ட வசனம் 'உதில கை வையாத'. றேடியோவைத் திறந்தால் 'கை வையாத'. பழுதான வீசீஆரைத் திறந்தால் 'கை வையாத, போய்ப் படி'. என்ன படிக்க? எஞ்சினியரிங் படிக்க!

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்லுகிறேன். இரண்டு ஷிஃப்ற் ஃபக்ரறி வேலை செய்து வாங்கிய வீசீஆரை ஒன்பது வயசுப் பெடியன் கழட்டினால் யாருக்கும் பத்தும். ஆனால் அந்தப் பயம் பொருளின் விலையைப் பற்றிய பயம். பிறகு அது பழக்கமாகி, கை வைக்காமல் இருப்பதே கெட்டித்தனம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கை வேலை என்றால் படிக்காதவன் வேலை என்ற பழைய நோயும் அதற்குள்ளே இருக்கிறது. அதை ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்திருக்கிறோம்.

என் மாமா வேறு மாதிரி. அம்மாவின் தம்பி. 1990 களின் நடுப்பகுதி வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டுக்குக் கரன்ற் இல்லை. தடை செய்யப்பட்ட சாமான்களின் பட்டியலில் ரோச் பற்றரியும் இருந்தது. ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுப் படித்ததையும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டதையும் உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். மாமா இறந்துபோன பற்றரியை வெயிலில் காயவைப்பார். அதற்கும் மசியாவிட்டால் ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவார். இன்னும் கொஞ்ச நேரம் செய்தி கேட்கலாம். அப்போது அந்தத் தெருவில் எல்லாருக்கும் டைனமோ எத்தனை வோல்ற் தரும், வேகமாகச் சுற்றினால் றேடியோவுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது. ஒருவருக்கும் மாஸ்டர்ஸ் இல்லை.

ஆனால் மாமாவை வைத்து 'எங்கள் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்' என்று புல்லரிக்கவும் நான் தயாரில்லை. அவர் துளை போட்டது நாக-காபன் பற்றரி. அதே துணிச்சலில் ஒரு லிதியம்-அயன் செல்லில் ஆணியை இறக்கினால் செய்தி கேட்க ஆள் மிஞ்சாது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஒரு ஊதிப்போன போன் பற்றரியை வெயிலில் வைக்கப் போனதை நானே தடுத்தேன். அனுபவம் பெரிய விஷயம்தான், ஆனால் அது எந்தப் பொருளோடு வந்த அனுபவம் என்று பார்க்கவேண்டும்.

ஆக என் வாதம் இது. நீங்கள் ஒருவரும் சார்ஜர் வியாபாரம் தொடங்கவேண்டியதில்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரே ஒரு லிதியம்-அயன் செல்லுக்கு ஒரு சார்ஜரை உங்கள் கையால் செய்யுங்கள். பொறுமையாக, அளந்து அளந்து. காரணம், உங்கள் கட்டிலைச் சுற்றி எத்தனை செல்கள் இருக்கின்றன என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். போன், லேப்ரொப், காதில் போடுவது, கையில் கட்டுவது, பவர் பாங்க், தம்பியின் ஸ்கூற்றர். வீட்டில் தீப்பிடிக்கக்கூடிய வேறு எந்தப் பொருளைப் பற்றியும் இவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு நாங்கள் நித்திரைக்குப் போவதில்லை.

இதற்கு எதிரிகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் 'கை வையாத' கட்சி. மற்றப் பக்கம் யூரியூப்பில் 'ஐந்தே நிமிடத்தில் சிம்பிள் சார்ஜர்' கட்சி. எனக்கு இரண்டாவது கட்சியில்தான் கூடுதல் கோபம்.

அந்த வீடியோக்களில் அடிக்கடி வருகிற ஒரு வித்தை: பழைய யூஎஸ்பி வயரை வெட்டு, தொடரில் ஒரு டயோட் போடு, செல்லில் கொளுவு. டயோட் 0.7 வோல்ற் தின்னும், ஐந்தில் 0.7 போனால் 4.3, 'கிட்டத்தட்ட சரி'. முதலாவது, 4.3 என்பது 4.2 க்குக் கிட்ட இல்லை. லிதியம்-அயனில் 0.05 வோல்ற்றுக்கு மேல் விட்டுக்கொடுப்பே கிடையாது. இரண்டாவது, டயோட் எப்போதும் 0.7 தின்னாது. கரன்ற் குறையக் குறைய அது தின்னுவதும் குறையும். செல் நிறையும்போது கரன்ற் குறைகிறது. அப்படியானால் சரியாக எந்த நேரத்தில் மிகக் கவனமாக இருக்கவேண்டுமோ அந்த நேரத்தில் இந்த 'சிம்பிள்' சார்ஜர் வோல்ற்றேஜை மேலே ஏற்றுகிறது. 4.4, 4.5 என்று மெல்ல மெல்ல. வீடியோவில் இது தெரியாது. அவர் சிவப்பு எல்ஈடி எரிந்ததைக் காட்டி, லைக் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செல்லுக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பந்தியில் சொல்லுகிறேன். சார்ஜ் ஏற்றும்போது லிதியம் அயன்கள் ஒரு பக்கத்து உலோக ஒக்சைட்டிலிருந்து கிளம்பி மற்றப் பக்கத்து கிரபைற் அடுக்குகளுக்குள் போய்க் குந்துகின்றன. எல்லையைத் தாண்டி ஏற்றினால் ஒக்சைட்டின் கட்டமைப்பு ஆட்டம் கண்டு ஒட்சிசனை விடத் தொடங்கும். மற்றப் பக்கத்தில் கிரபைற்றுக்குள் இடமில்லாமல் லிதியம் உலோகமாக மேலே படியும். நடுவில் இருப்பது எரியக்கூடிய திரவம். எரிபொருள், ஒட்சிசன், சூடு மூன்றும் ஒரே டப்பாவுக்குள். உலோக லிதியம் எவ்வளவு ஆபத்து என்பது கனடாவுக்கு நன்றாகத் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மோலி எனர்ஜி கம்பனி லிதியம் உலோகப் பற்றரிகளை விற்றது. 1989 இல் யப்பானில் கைத்தொலைபேசியில் தீப்பிடித்து அவற்றைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. 1991 இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லிதியம்-அயன் செல்லின் கெட்டித்தனமே, லிதியத்தை உலோகமாக விடாமல் காபனுக்குள் ஒளித்து வைத்ததுதான். பிழையான சார்ஜரால் நீங்கள் செய்வது அந்தப் பழைய ஆபத்தைத் திரும்பவும் உள்ளே கொண்டுவருவது.

குளிரும் அதையேதான் செய்யும். பூச்சியத்துக்குக் கீழே செல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அயன்கள் கிரபைற்றுக்குள் போக நேரமில்லாமல் மேலே உலோகமாகப் படியும். டெலிவரி ஓடுகிற பெடியள் இதைக் கவனியுங்கோ. மைனஸ் 15 இல் ஓடிவிட்டு வந்து, பற்றரியை உடனே சுவரில் கொளுவாதீர்கள். அது அறையின் சூட்டுக்கு வரட்டும். பெரிய பற்றரி, இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். அதுவரை சாப்பிடுங்கள்.

சரி, சார்ஜர். முறையான சார்ஜ் இரண்டு கட்டம். முதலில் ஒரு அளவான கரன்ற்றைத் தாண்டாமல் ஏற்றவேண்டும். செல் 4.2 ஐத் தொட்டதும் வோல்ற்றேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு, கரன்ற் தானாகக் குறைய விடவேண்டும். முழுச் சார்ஜில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்குக் கீழோ கரன்ற் விழுந்ததும் நிறுத்தவேண்டும். கார் பற்றரி போலத் துளித் துளியாக ஏற்றிக்கொண்டே இருக்கக்கூடாது.

கடையில் ரிபி4056 என்ற ஐசி உள்ள சின்னப் பலகை கிடைக்கும். இந்த இரண்டு கட்டத்தையும், நிறுத்துவதையும் அதுவே செய்யும். அதை வாங்கி இரண்டு வயர் ஒட்டினால் சார்ஜர் செய்ததாகாது, ஆனால் அதில் தொடங்குவதில் வெட்கமும் இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பலகை வரும்போது அதில் 1.2 கிலோ ஓம் றெசிஸ்ரர் இருக்கும், அதனால் 1 அம்பியர் தரும். தூக்கியெறிகிற வேப்புக்குள்ளே இருந்து எடுத்த ஒரு சின்னச் செல்லுக்கு அது கொலை. 10 கிலோ ஓம் போட்டால் 130 மில்லி அம்பியர் ஆகும். வேப் செல்லைத் திறந்து எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இருந்தாலும் உங்களில் சிலர் எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் செய்தது இதைவிடப் பழைய முறை, இரண்டு எல்எம்317. மூன்று கால் உள்ள ஐசி. தன் வெளியீட்டுக் காலுக்கும் 'அஜஸ்ற்' காலுக்கும் இடையில் 1.25 வோல்ற் இருக்கவேண்டும் என்று அடம்பிடிப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த ஒரு அடத்தை வைத்து இரண்டு வேலை வாங்கலாம். முதலாவது ஐசியில் அந்த இரண்டு காலுக்கும் இடையில் 4.7 ஓம் றெசிஸ்ரர் இரண்டைச் சமாந்தரமாகப் போட்டேன். 2.35 ஓம். 1.25 ஐ அதால் பிரித்தால் சுமார் 0.53 அம்பியர், அதைத் தாண்டி ஓடாது. இரண்டாவது ஐசி வோல்ற்றேஜைப் பிடிக்கும். மேலே 220 ஓமும் அதோடு தொடரில் 50 ஓம் ரிம்மரும், கீழே 560 ஓம். இப்படிப் பிரித்து 4.1 வோல்ற்றுக்குத் திருகினேன். உள்ளே வருவது 12 வோல்ற் அடப்ரர். 4.2 ஏன் இல்லை என்றால், இந்த சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. 4.1 இல் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகும், ஆனால் செல் கூடக் காலம் இருக்கும், என் கை பிசகினாலும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ரிம்மரை மேலே போட்டதைக் கவனித்தீர்களா? அந்த மாதிரிச் சாமான் பழசானால் உள்ளே தொடுப்பு விட்டுப்போகும், தடை கூடும். கீழ்ப் பக்கத்தில் போட்டிருந்தால் தடை கூட வோல்ற்றேஜ் ஏறும், செல் போய்விடும். மேல் பக்கத்தில் என்றால் தடை கூட வோல்ற்றேஜ் இறங்கும், செல் சார்ஜ் ஆகாது, அவ்வளவுதான். ஐந்து வருடம் படித்த படிப்பில் 'இது எப்படிப் பழுதாகும், பழுதானால் எந்தப் பக்கம் விழும்' என்ற கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அல்லது கேட்டார்கள், நான் புள்ளிக்காக எழுதிவிட்டு மறந்துவிட்டேன். ஒரு டொலர் சாமானை வைத்துச் சாப்பாட்டு மேசையில் யோசித்தபோதுதான் அது தலைக்குள் போனது.

இன்னொன்று வெட்கத்தோடு சொல்லவேண்டும். ஐசிகள் சுடும். முதலாவது ஐசி மட்டும் இரண்டரை வாற்ஸ் அளவில் சூட்டை வெளியே விடும், அதனால் அலுமினியத் தகடு வேண்டும். நான் கெட்டிக்காரன் மாதிரி இரண்டையும் ஒரே தகட்டில் ஸ்குரூ பண்ணினேன். செல் போடாமல் மல்ரிமீற்றரை வைத்தேன். 4.1 வரவேண்டிய இடத்தில் 10 க்கு மேல் காட்டியது. அரை மணித்தியாலம் ரிம்மரைத் திருகிப் பார்த்து, வியர்த்து, பிறகுதான் டேற்றா ஷீற்றை எடுத்து வாசித்தேன். எல்எம்317 இன் முதுகில் இருக்கிற உலோகத் தட்டு அதன் வெளியீட்டுக் காலோடு இணைந்தது. இரண்டு முதுகையும் ஒரே தகட்டில் வைத்ததால் முதலாவதின் வெளியீட்டை நேரே கடைசி வெளியீட்டோடு பொருத்திவிட்டேன். கரன்ற் கட்டுப்பாடும் இல்லை, வோல்ற்றேஜ் கட்டுப்பாடும் இல்லை. அந்த இடத்தில் ஒரு செல் இருந்திருந்தால் அதற்கு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். சர்க்கியூற் படம் சரி. கணக்கு சரி. மாஸ்டர்ஸ் சரி. ஒரு ஸ்குரூ பிழை.

'பார்த்தாயா, இதுக்குத்தான் கை வையாத எண்டனான்' என்று அப்பா சொல்லுவார். சொன்னார். நான் அதை மறுக்கிறேன். கையை வைத்தபடியால்தான் செல்லைப் போட முதல் மீற்றரை வைக்கவேண்டும் என்பது என் உடம்பில் ஏறியது. அந்தப் பழக்கம் இருந்தபடியால்தான் பேஸ்மென்றில் சார்ஜரைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். மற்லாப் எனக்கு அதைப் பழக்கவில்லை.

'பதினைந்து டொலருக்கு நல்ல சார்ஜர் விக்குது, வாங்கினால் முடிஞ்சுது' என்பது இன்னொரு எதிர்ப்பு. வாங்குங்கள். நானும் அன்றாடம் பாவிப்பது வாங்கிய சார்ஜர்தான், சிஎஸ்ஏ, யூஎல் போன்ற முத்திரை உள்ளது. வீட்டில் செய்ததை நம்பி நித்திரைக்குப் போகாதீர்கள். ஆனால் எதை வாங்குவது என்று தெரிய முதலில் எதைப் பார்ப்பது என்று தெரியவேண்டும். அந்தப் பெடியனும் வாங்கினவன்தான். இருபது டொலர் கொடுத்து, பின் பொருந்துகிறதா என்று பார்த்து.

'இதெல்லாம் அதுக்குப் படிச்ச ஆக்களிட்ட விடவேணும்' என்கிறவர்களுக்கு: அந்தப் படித்த ஆள் நான்தான் ஐயா.

போன் கம்பனிகளும் இதே 'கை வையாத'வைத்தான் பசை போட்டு விற்கின்றன. அது தனிச் சண்டை, இங்கே நீட்டவில்லை. கனடாவில் 2024 நவம்பர் 7 இல் சி-244 சட்டம் வந்தது. திருத்துவதற்காக மென்பொருள் பூட்டைத் திறப்பது இனிக் குற்றமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி 18 முதல், கையில் கொண்டுதிரிகிற சாமான்களின் பற்றரியைப் பாவிப்பவரே கழட்டி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும். பூட்டைத் திறக்க உரிமை வந்துவிட்டது. திறந்த பிறகு என்ன செய்வது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

செய்யப் போகிறவர்களுக்குச் சில சொல்லவேண்டும், பிறகு நான் சொல்லவில்லை என்று வேண்டாம். ஒரே ஒரு செல். புதுசு, நம்பிக்கையான கடையில் வாங்கியது, உள்ளே பாதுகாப்புச் சர்க்கியூற் உள்ளது. பழைய லேப்ரொப்பை உடைத்து எடுத்தது வேண்டாம். 2.5 வோல்ற்றுக்குக் கீழே விழுந்த செல்லை உயிர்ப்பிக்கப் பார்க்காமல் மீள்சுழற்சிப் பெட்டியில் போடுங்கள். கூட்டல், கழித்தலை இரண்டு தடவை பாருங்கள். ஓட்டுத் தரையிலோ மண் பூச்சாடித் தட்டிலோ வைத்து ஏற்றுங்கள், வாசலுக்கும் படிக்கும் பக்கத்தில் வேண்டாம். 2500 மில்லி அம்பியர் மணிச் செல்லுக்கு ஐந்து மணித்தியாலம் வரை போகும், அவ்வளவு நேரமும் நீங்கள் விழித்து, பக்கத்தில். கரன்ற் 100 மில்லி அம்பியருக்குக் கீழே வந்ததும் செல்லை எடுங்கள், பிறகு அடப்ரரைக் கழட்டுங்கள். மாறிச் செய்தால் செல் அந்த றெசிஸ்ரர்கள் வழியாகத் திரும்பி வடியும். கை வைக்க முடியாத சூடு, ஊதல், இனிப்பான ஒரு மணம், இதில் எது வந்தாலும் வெளியே போய் 911. புகையில் நஞ்சு இருக்கும், நின்று பார்க்கவேண்டாம். பைக் பற்றரிக்கு வீட்டில் சார்ஜர் செய்யாதீர்கள். அதில் 40 செல் இருக்கலாம். 2023 டிசம்பர் 31 ஆம் திகதி ஷெப்பர்ட்-யங் ஸ்ரேசனில் சப்வேக்குள் ஒரு ஈ-பைக் எரிந்த வீடியோவை ரொறன்ரோவில் இருக்கிற நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பெடியனுக்கு அடுத்த நாளே 42 வோல்ற் சார்ஜர் வாங்கினோம். பழைய பற்றரியை நம்பவில்லை, எத்தனை தடவை எல்லை தாண்டியதோ தெரியாது. மாநகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். புதுப் பற்றரி வரும் வரைக்கும் அவனுக்கு மூன்று கிழமை உழைப்பு இல்லை. வாடகையில் ஒரு பகுதியை அம்மா கொடுத்தா. 54.6 சார்ஜரின் வயரை வெட்டி, வேறு யாரும் எடுத்துப் பாவிக்காதபடி நானே எறிந்தேன்.

அந்த மூன்று கிழமையில் சனிக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் படம் கீறிக் கொடுக்கவில்லை, டேற்றா ஷீற்றை மட்டும் கொடுத்தேன். முதல் நாள் மூன்று கால்களையும் மாறிக் கொளுவினான். இரண்டாம் நாள் இரண்டு ஐசிக்கும் ஒரே தகட்டை எடுத்தான். நான் வாயைத் திறக்காமல் மீற்றரை மட்டும் அவன் பக்கம் தள்ளினேன். மாமாவும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, டைனமோக் கதையைத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மீற்றர் 4.11 காட்டியது. 'அண்ணா, இன்னும் குறைக்கவோ?' என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அப்பா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, 'எல்லாம் முடிய மேசையைத் துடைச்சு விடுங்கோ' என்று சொல்லிப் போட்டுப் போனார்.